வாசலில் கழற்றி வைத்த கால்

திருவேங்கடத்துக்கு வாய் சரியில்லை என்பது செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கை சரியாக இருந்ததால் வாயைப் பொறுத்துக்கொண்டார்கள்.

படிப்பு நாலாவதோடு முடிந்தது. அதற்குப் பிறகு சிங்கப்பெருமாள் கோயிலில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை. பதினெட்டு வருஷம் வெல்டிங். தொண்ணூற்று ஏழாம் வருஷம் ஒரு மத்தியானம், உடைந்த சக்கர நாற்காலி ஒன்றை ஆட்டோவில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் வந்து இறங்கினாள். கால் வைக்கிற தகடு தொங்கிக்கொண்டிருந்தது.

திருவேங்கடம் அதைத் திருப்பிப் பார்த்தார். "இத யாரும்மா பத்த வெச்சது? கண்ணு தெரியாதவனா?"

"எங்க காலேஜ் ஒர்க்‌ஷாப்லதான் வச்சாங்க."

"அதான பாத்தேன். படிச்சவன் பத்த வெச்சிகிறான்."

அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தாள். பெயர் ரோகிணி. ரோட்டோரம் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி பிரிவுக்கு அவள்தான் தலைவி. பல்கலைக்கழகம் ஊர் ஜனங்களுக்காக நடத்துகிற சேவை மையமும் அவள் பொறுப்பில் இருந்தது. அடுத்த மாதமே திருவேங்கடம் அந்த மையத்தின் பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே, தன் வெல்டிங் மிஷினோடு உட்கார்ந்திருந்தார்.

முன்கட்டில் சின்னப் பிள்ளைகள். நடவுக்கும் செங்கல் சூளைக்கும் போகிற பெண்கள் காலையில் விட்டுவிட்டு சாயங்காலம் அழைத்துப் போவார்கள். நடுக்கூடத்தில் வயசானவர்கள், கை காலை மடக்கி நீட்டச் சொல்லிக் கொடுத்து, பிரஷர் பார்த்து, மத்தியானம் சாப்பாடு போட்டு அனுப்புவார்கள். பின்கட்டு ஊனமுற்றவர்களுக்கானது. காலிப்பர், ஊன்றுகோல், சக்கர நாற்காலி, எல்லாம் திருவேங்கடம் கைப்பட்டுத்தான் வெளியே போகும்.

நடுக்கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நாள் பூராவும் சண்டை நடக்கும். வேண்டா என்கிற கிழவி மாதம் ஒருமுறை தன் குச்சியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

"டேய் வெங்கடம், குச்சி நெட்டையாயிட்ச்சிடா."

"குச்சி எங்கனா வளருமா ஆயா? நீதான் தேஞ்சிகினு வர."

"நான் தேயறது கெடக்கட்டும். நீ அறுத்துக் குடு."

அறுத்துக் கொடுப்பார். அடியில் புது ரப்பரும் மாட்டிக் கொடுப்பார். திட்டிக்கொண்டேதான் கொடுப்பார்.

அவரைக் கடுப்பேற்றியது வேறு விஷயம். மையத்திலிருந்து போன காலிப்பர்கள் ஆறு மாதம் கழித்துச் சோதனைக்கு வரும்போது புத்தம் புதிதாக இருந்தன. காலிப்பர் என்றால், போலியோவில் சூம்பிப்போன காலுக்கு இரண்டு பக்கமும் கம்பி, தொடையிலும் முழங்காலிலும் தோல் வார்கள், அடியில் ஒரு பூட்ஸ். நடந்தால் பூட்ஸின் அடி தேய வேண்டும். தேயவில்லை. ஆனால் பிசியோதெரபி படிக்கிற பிள்ளைகள் வீடு வீடாகப் போய் எழுதிக்கொண்டு வருகிற தாளில் எல்லாம் 'பயன்படுத்துகிறார்' என்றுதான் இருந்தது.

"ஓசில குடுத்தா இப்டிதான் மேடம்" என்றார் திருவேங்கடம். "அருமை தெரியாத ஜனங்க. போடாதவங்ககிட்டேந்து திருப்பி வாங்குங்க. காத்துகினு கீறவனுக்காச்சும் குடுக்கலாம்."

மேலிடத்துக்கும் அந்த யோசனை பிடித்துப்போய், விதியாகவே எழுதிவிட்டார்கள். வருஷத்துக்குள் பதினோரு காலிப்பர் திரும்பி வந்தது. வாங்கி வந்தது எல்லாமே திருவேங்கடம்தான். திம்மாவரத்தில் தையல் கடை வைத்திருந்த உலகநாதன் என்பவரிடம் வாங்கும்போது அவர் கடை வாசலிலேயே நின்று, "ஒக்காந்து தைக்கிறவனுக்கு எதுக்கு காலு?" என்று கேட்டுவிட்டு வந்தார். உலகநாதன் குனிந்து ஊசியில் நூல் கோத்தார்.

*

மாமல்லபுரத்தில் மாதத்தின் கடைசி வியாழக்கிழமை, ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம். தொண்ணூற்று ஒன்பது செப்டம்பர் முகாமுக்கு அம்சா தன் மகள் கீர்த்தனாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். காலிப்பர் ஒயர் கூடையில் இருந்தது. பெண்ணுக்கு ஏழு வயது, இரண்டாவது படிக்கிறாள். புருஷன் ராஜாராம் சிற்பப் பட்டறையில் கல்லுக்கு மெருகு போடுகிறவன்.

திருவேங்கடம் கூடையிலிருந்து காலிப்பரை எடுத்து பூட்ஸைத் திருப்பினார். ஜூன் மாதம் அவரே மாட்டி அனுப்பியது. அடியில் இருந்த கோடுகள்கூட அழியவில்லை.

"இன்னாம்மா, இத வெச்சி பூஜ பண்றியா?"

அம்சா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூணு வாரம் எங்காண்ட கூட்டியாந்து நடக்கப் பழக்குனமே, நல்லா நடந்துச்சே. வூட்டுக்குப் போனதும் இடுப்புல ஏத்திக்கினியா? ஏழு வயசுப் பொண்ணு, நீ இன்னா பல்லக்கா?"

"நான் போட்டுகினுதான் போறேன்" என்றாள் கீர்த்தனா. அம்சா அவள் தொடையில் கிள்ளினாள். பெண் வாயை மூடிக்கொண்டாள்.

ரோகிணி வந்து நின்றாள். அவளிடம் அம்சாவுக்கு வாய் திறந்தது. "ஜனவரிலேந்து பீச்சாண்ட ஒரு ஓட்டல்ல ரூம் கூட்ற வேலைக்குக் கூப்ட்டுகீறாங்க மேடம். காலைல ஆறு மணிக்கெல்லாம் போணும். அவுங்கப்பாவும் அப்பவே போயிடுவாரு. தூக்கிகினு போவ ஆளில்ல. அதுக்குள்ள இது நடந்தா உண்டு. இல்லாங்காட்டி அரையாண்டோட நிறுத்திட்டு வூட்ல வெச்சிப் பூட்டிட்டுப் போவ வேண்டியதுதான்."

"அப்புறம் ஏம்மா போட வைக்க மாட்டேங்கறீங்க?"

அம்சா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இனாமாகக் கொடுத்த பொருளில் குறை சொன்னால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சொல்லாமலிருந்தும் அதுதான் நடந்தது. திருவேங்கடம் திருப்பி வாங்க வேண்டியவர்கள் பட்டியலில் பன்னிரண்டாவதாகக் கீர்த்தனாவின் பெயரை எழுதச் சொன்னார்.

*

அடுத்த புதன்கிழமை, திருப்பி வாங்குவதற்காக முதல் பஸ்ஸில் மாமல்லபுரம் போனார். வீடு பூட்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பார்கள் என்றார்கள். பின்னாலேயே போனார்.

பள்ளிக்கூடத்துக் கேட்டில் அம்சா பெண்ணை இறக்கிவிட்டு, கூடையிலிருந்து காலிப்பரை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து வார். ஒவ்வொன்றாக இழுத்துப் பூட்ட நேரம் பிடித்தது. மாட்டி முடித்ததும் அம்சா போய்விட்டாள். கீர்த்தனா நடந்தாள். டக், டக் என்று நேராக, யாரையும் பிடிக்காமல் நடந்தாள். திருவேங்கடத்துக்கு உள்ளே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. முப்பது அடி வைத்திருப்பாள். வகுப்பு வாசல் வந்தது.

வாசலில் முப்பது நாற்பது ஜோடி செருப்பு கிடந்தது. கீர்த்தனா படியில் உட்கார்ந்து ஐந்து வாரையும் அவிழ்த்தாள். காலிப்பரைக் கழற்றிச் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒழுங்காக நிறுத்தி வைத்தாள். பிறகு இரண்டு கையையும் தரையில் ஊன்றி, காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திருவேங்கடம் படி வரைக்கும் வந்தார்.

வாத்தியார் ஞானதாஸ் வெளியே வந்தார். வெறுங்கால். "யாரு நீங்க?"

"அந்த காலு செஞ்சவன் சார். உள்ள போடக்கூடாதுன்னு சொல்லிட்டீங்களா?"

"நான் ஏன் சொல்றேன்? போட்டுக்கிட்டே வாம்மான்னு நூறு தடவை சொல்லிட்டேன். அது கேக்கல. மத்த பிள்ளைங்களும் 'சார், செருப்பு, செருப்பு'ன்னு கத்துதுங்க. நானே கழட்டிட்டுத்தான வரேன், நான் என்னன்னு சொல்றது?"

திருவேங்கடம் மத்தியானம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வரிசையில் நின்றார்கள். கீர்த்தனா படிக்குத் தவழ்ந்து வந்து வாரைப் பூட்ட ஆரம்பித்தாள். மூன்றாவது வாரில் இருக்கும்போது வரிசை பாதி கரைந்துவிட்டது. அவள் மறுபடி அவிழ்த்துவிட்டு, தட்டை வாயில் கவ்விக்கொண்டு தவழ்ந்தே போனாள்.

சாப்பிட்டு வந்தவள் பக்கத்தில் திருவேங்கடம் போய்க் குந்தினார். "ஏம்மா, உள்ள போறப்போ அத ஏன் கயட்டற?"

"செருப்பு போட்டுகினு யார்னா கிளாஸ்ல போவாங்களா மாமா?"

"அது செருப்பு இல்ல. காலு."

"அடில செருப்பு கீதே."

"எங்காண்ட மட்டும் உள்ளயே போட்டுகினு நடந்த?"

"அது ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரில டாக்டர் சொன்னா போடணும்."

திருவேங்கடத்துக்கு அப்போதுதான் உறைத்தது. மையத்து வாசலிலும் 'காலணிகளை இங்கே விடவும்' என்று பலகை இருந்தது. அவர், மேடம், படிக்கிற பிள்ளைகள், கிழவிகள், எல்லாரும் அங்கே விட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்கள். பூட்ஸ் போட்ட பிள்ளைகளை மட்டும் அந்தப் பலகையைத் தாண்டி நடக்க வைத்துவிட்டு, கால் நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டார்கள். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அவர்களுக்கு அது வைத்தியச் சாமான். வீட்டுக்குப் போனால் அது பூட்ஸ். ஒற்றை அறை வீடு. சமைக்கிறதும் படுக்கிறதும் சாமி படம் இருக்கிறதும் அந்த ஓர் அறையில்தான். பூட்ஸோடு எந்தப் பிள்ளை உள்ளே போகும்? வாசலுக்கு வாசல் ஐந்து வாரைப் பூட்டி அவிழ்ப்பதைவிட இடுப்பில் தூக்கிக்கொண்டு போவது சுலபம்.

சாயங்காலம் அம்சா வந்தபோது காலிப்பர் திருவேங்கடம் கையில் இருந்தது. அவள் முகம் இறுகியது.

"எத்துகினு போ சாமி. இதுக்குத்தான வந்த."

"பத்து நாள்ல திருப்பித் தரேன்."

"தரவனா நீ?"

"தரலன்னா பட்டறைக்கு வந்து செருப்பால அடி" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

*

ரோகிணி முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "டிசைனை நாமளா மாத்த முடியாது வேங்கடம். மேல எழுதிக் கேக்கணும்" என்றாள்.

"இந்தப் படம் எந்த ஊர்லேந்து வந்துச்சி மேடம்?"

"வெளிநாட்டுப் புஸ்தகம்."

"குளிரு ஊரு. அவன் கட்டில் வரைக்கும் பூட்ஸ் போட்டுகினு போவான். நீங்க போவீங்களா?"

ரோகிணி கீழே பார்த்தாள். அவள் காலும் வெறுங்கால்தான். "செய்ங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

பூட்ஸை அறுத்து எறிந்தார். இரண்டு கம்பியும் கீழே வந்து சேருகிற இடத்தில், பாதத்தின் அளவுக்கு ஒரு அலுமினியத் தகடு. மேலே பாதம் உட்கார மெத்தென்று தோல், குதிகாலுக்கு ஒரு பட்டை. தகடு மெல்லியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கால் உயர்ந்து இடுப்பு கோணிவிடும். மூன்று தகடு வீணாகி நாலாவது சரியாக வந்தது. அந்தத் தகடு நுழைகிற மாதிரி தனியாக ஒரு செருப்பு, முன்னால் ஒரு கொக்கி மட்டும். தெருவில் செருப்போடு நடக்கலாம். வாசலில் கொக்கியைத் தட்டினால் செருப்பு மட்டும் கழன்றுவிடும், காலிப்பர் காலிலேயே இருக்கும்.

மையத்துக்கு வரவழைத்து மாட்டிப் பார்த்தார்கள். கீர்த்தனா செருப்பைக் கழற்றிவிட்டு மொசைக் தரையில் இரண்டு அடி வைத்தாள், மூன்றாவதில் வழுக்கிப் பொத்தென்று உட்கார்ந்தாள். நடுக்கூடத்திலிருந்து வேண்டா சிரித்தாள். "வெங்கடம், சறுக்கு மரம் செஞ்சி வெச்சிகிறான்டி!"

"நீ வாய மூடு ஆயா" என்று சொல்லி, தகட்டின் அடியில் லாரி டியூப் ரப்பரை வெட்டி ஒட்டினார். வழுக்கவில்லை. பெண் கூடம் முழுக்க நடந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கும் கூடவே போனார். வாசலில் கீர்த்தனா கொக்கியைத் தட்டினாள், செருப்பு கழன்றது. எழுந்து நின்று படியில் கால் வைத்தாள். உள்ளேயிருந்து இரட்டைச் சடைக்காரி ஒருத்தி, வகுப்புக்குத் தலைவியாம், வந்து குனிந்து தகட்டின் அடியைப் பார்த்தாள்.

"சார்! அடில ரப்பரு கீது சார். செருப்புதான் சார் இதுவும்!"

"கத்தாத, போய் உக்காரு" என்றார் ஞானதாஸ்.

அதற்குள் கீர்த்தனா உட்கார்ந்துவிட்டாள். வாரை அவிழ்க்க ஆரம்பித்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை, யாரும் தடுக்கவில்லை. அவளாகவே அவிழ்த்து, கைகளை ஊன்றி உள்ளே போனாள்.

திருவேங்கடம் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். வெல்டிங்கில் எங்கே தப்பு என்றால் அவருக்குத் தெரியும். உடைத்து மறுபடி பத்த வைப்பார். இது எங்கே உடைந்திருக்கிறது என்றே தெரியவில்லை.

அம்சாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"அண்ணாத்த, ஒண்ணு கேக்கறேன். வர்ற வாரம் ஆயுத பூஜ. உன் பட்டறைல இன்னான்னா வெச்சிக் கும்புடுவ?"

"இன்னா வெப்பாங்க? சுத்தி, ஸ்பேனரு, வெல்டிங் மிஷினு."

"செருப்ப வெப்பியா?"

"எவனாச்சும் வெச்சா கைய ஒடிப்பேன்."

"அப்ப இத வெக்கலாமா?"

திருவேங்கடம் படியில் நின்றுகொண்டிருந்த காலிப்பரைப் பார்த்தார். கம்பி, தகடு, வார்.

"பூட்ஸு இருந்தப்போ வெச்சிருக்க முடியாது" என்றார் மெதுவாக. "இது வெக்கலாம். இது சாமான்."

"ரப்பரு கீதேன்னு கேட்டா?"

"என் சுத்திப் புடிலகூட ரப்பரு கீது."

பூஜை லீவுக்கு முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பிள்ளைகள் தங்கள் புத்தகத்தை அடுக்குவது வழக்கம். அம்சா காலிப்பரைத் துடைத்து, தகட்டில் மஞ்சள் குங்குமம் வைத்து, வாரில் ஒரு முழம் கதம்பம் சுற்றி எடுத்து வந்தாள். ஞானதாஸ் வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இதையும் வெக்கலாமா சார்?"

"தாராளமா வைம்மா. அது அவ நடக்கறதுக்கு. புத்தகம் படிக்கறதுக்கு. ரெண்டும் பக்கத்துல இருக்கட்டும்." அவரே வாங்கி, இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களுக்கு மேல் படுக்க வைத்தார்.

கற்பூரம் காட்டினார்கள். நாற்பது பிள்ளைகளும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இரட்டைச் சடைக்காரியும் போட்டுக்கொண்டாள். பொரி, கடலை சாப்பிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு நடந்ததை வாத்தியார்தான் முகாமில் வந்து சொன்னார். கீர்த்தனா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பழக்கத்தில் வாரிலும் கை வைத்தாளாம். இரட்டைச் சடைக்காரி உள்ளேயிருந்து கத்தினாளாம். "ஏய், அத கயட்டி கீழ வெக்காதடி! சாமியாண்ட வெச்சது, செருப்பு கூடவா வெப்ப?"

கீர்த்தனா எழுந்து நடந்து உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாளாம்.

திருவேங்கடம் கேட்டுக்கொண்டே ஒரு நட்டை முறுக்கினார். "சரி, முட்டியாண்ட வார எந்த ஓட்டைல போடுது? ரெண்டாவதுல போடணும், சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

*

பட்டியலிலிருந்து கீர்த்தனாவின் பெயரை ரோகிணி அடித்தாள். மற்ற பதினோரு பெயரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு திருவேங்கடம் திம்மாவரம் போனார்.

உலகநாதன் தையல் மிஷினிலிருந்து நிமிரவில்லை. "இன்னா, இன்னும் எதுனா பாக்கி கீதா திட்றதுக்கு?"

"இல்ல. வூட்டுக்குள்ள எப்டிப் போற வரன்னு காட்டு."

"எதுக்கு?"

"போன தடவ கேக்காம வுட்டது."

உலகநாதன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு கத்தரிக்கோலை வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து இறங்கி, கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் தவழ்ந்து காட்டினார். அடுப்பு, அண்டா, கொல்லைக் கதவு வரைக்கும். திருவேங்கடம் தன் செருப்பைக் கழற்றிவிட்டு, பின்னாலேயே போய் ஒவ்வொரு படியாக உயரம் அளந்துகொண்டார்.

பதினோரு வீட்டையும் முடிக்க மார்ச் ஆகிவிட்டது. காத்திருந்தவர்களுக்கும் சேர்த்துச் செய்ய வேண்டியிருந்ததால் ஞாயிற்றுக்கிழமையும் பட்டறையைத் திறந்தார். அதற்குப் பிறகு பல வருஷம் அவர் அந்தப் பின்கட்டில் இருந்தார். யார் வந்தாலும் காலைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பற்றி விசாரித்தார். வாய் மட்டும் கடைசி வரைக்கும் மாறவில்லை.

அதெல்லாம் பின்னால். ஜனவரியில் அரையாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள், திருவேங்கடம் விடிந்ததும் கிளம்பி மாமல்லபுரம் வந்து, பள்ளிக்கூடத்துக்குப் போகிற தெருமுனை டீக்கடையில் நின்றார். அம்சா ஆறு மணிக்கே ஓட்டலுக்குப் போய்விட்டாள் என்று டீக்கடைக்காரர் சொன்னார்.

எட்டே முக்காலுக்கு நாலைந்து பெண்பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். நடுவில் கீர்த்தனா, தோளில் பை. இரட்டைச் சடைக்காரி ஏதோ கதை சொல்லிக்கொண்டு வந்தாள். கீர்த்தனா அவரைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"மாமா, இங்க இன்னா பண்ற?"

"டீ குடிக்கறேன்."

"செங்கப்பட்டுல டீ கெடைக்கலியா?"

"இங்க நல்லாருக்கும்னாங்க."

கீர்த்தனா அவரையும் டம்ளரையும் பார்த்தாள். நம்பின மாதிரித் தெரியவில்லை.

"சரி, நவுரு. பெல்லு அட்ச்சிடுவாங்க."

திருவேங்கடம் நகர்ந்து வழிவிட்டார்.